கோடிட்ட இடத்தில் தம்பி

சண்முகவடிவு யாரிடமும் தோற்றதில்லை என்று சொல்லிக்கொள்வாள். அவள் தம்பி சுடலைமுத்துவும் தன்னைப் பற்றி அதையேதான் சொல்லிக்கொள்வான். ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரும் தோற்காமலே இருந்தால் என்ன ஆகும்? ஐந்து வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அவள் பாளையங்கோட்டையில் இருந்தாள், அவன் அம்பாசமுத்திரத்தில் இருந்தான். நடுவே ஒரு மணி நேரப் பயணம்கூடக் கிடையாது. வீம்புதான் இருந்தது.

இந்தக் கதை நடக்கிற காலத்தில், அதாவது இரண்டாயிரத்து எழுபதுகளில், தம்பி என்று ஒருவன் இருப்பதே பெரிய பாக்கியம். வீட்டுக்கு ஒரு பிள்ளை என்று இரண்டு தலைமுறை ஓடிவிட்டது. ஒற்றைப் பிள்ளைக்கு ஒற்றைப் பிள்ளை பிறந்தால் அதற்கு மாமா ஏது, சித்தி ஏது? ஆனால் சடங்குகளில் ஒன்றுகூடக் குறையவில்லை. காது குத்த மாமன் மடி வேண்டும். மூன்றாம் முடிச்சுப் போட நாத்தனார் வேண்டும். மாப்பிள்ளையைக் கைபிடித்து அழைத்து வர மைத்துனன் வேண்டும். நம் ஆட்கள் பிள்ளை பெறுவதைக் குறைத்துக்கொள்வார்கள், நாத்தனார் முடிச்சை விடுவார்களா?

அதனால் பாளையங்கோட்டையில் 'பந்தம்' என்று ஒரு கம்பெனி முளைத்தது. உறவுக்காரர்களை வாடகைக்கு அனுப்புகிற கம்பெனி. போவது இயந்திரம்தான். ஒரு புகைப்படமும் பத்து நிமிஷக் குரலும் கொடுத்துவிட்டால் முகம், நடை, பேச்சு எல்லாம் மாறிவிடும். பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டாலும் வித்தியாசம் தெரியாது. இடது காதுக்குப் பின்னால் பச்சையாக ஒரு எண் மட்டும் குத்தியிருக்கும். அது அரசாங்க விதி, யாராலும் மறைக்க முடியாது. இந்த இயந்திரங்களுக்கு மூளை எழுதுகிறவள்தான் நம் வடிவு. சொந்தத் தம்பியோடு பேசாதவள் ஊருக்கெல்லாம் தம்பி செய்து அனுப்பினாள். இதைச் சொல்லிக் கேலி செய்ய அவள் புருஷன் பிரமநாயகம் ஒருத்தனுக்குத்தான் துணிச்சல் இருந்தது.

ஒருநாள் கம்பெனி மேலாளர் அல்போன்ஸ் அவளிடம் வந்து, அதிகாரிகள் சோதனைக்கு வருகிறார்கள், நம் சமாச்சாரம் எப்படி ஓடுகிறது என்று எனக்குப் புரிகிற மாதிரி சொல்லுங்கள் என்று கேட்டார். அல்போன்ஸ் நல்ல மனுஷர். புரியாததைப் புரியவில்லை என்று சொல்லக் கூச்சப்படாதவர்.

"மொதல்ல ஒவ்வொரு உறவுக்கும் தனித்தனி மெத்தட் இருந்துச்சு சார்" என்றாள் வடிவு. "மெத்தட்னா ஒரு செய்முறை. கூப்பிட்டா ஒண்ணைத் திருப்பித் தரும். மாமாவைத் தர ஒண்ணு, அத்தையைத் தர ஒண்ணுன்னு நூத்திப்பதினாலு எழுதி வச்சிருந்தாங்க. கும்பிடுத முறையில ஒரு திருத்தம்னா நூத்திப்பதினாலுலயும் போய்த் திருத்தணும்."

"இப்ப?"

"இப்ப ஒண்ணே ஒண்ணுதான். அதுல திரும்பி வரப்போறது யாருன்னு நான் எழுதல. பரிச்சைத் தாள்ல வருமே, கோடிட்ட இடம், அப்படி விட்டுட்டேன். கூப்பிடுதவங்க அதை நிரப்புவாங்க. அத்தைன்னு நிரப்பினா அத்தை வருவா. மச்சான்னு நிரப்பினா மச்சான்."

"புலின்னு நிரப்பினா?"

"முடியாது சார். அது உறவா இருக்கணும்னு ஒரு வரம்பு போட்டிருக்கேன். உறவுன்னா நாலு வேலை தெரியணும். வரணும், சாப்பிடணும், குறை சொல்லணும், கோவிச்சுக்கிடணும்."

இந்த நாலாவது வேலை வந்த கதை தனி. ஆரம்பத்தில் இயந்திரங்கள் சொன்ன இடத்தில் உட்கார்ந்து, போட்டதைச் சாப்பிட்டு, கும்பிட்டுவிட்டுப் போயின. வந்த விருந்தாளிகள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள். ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா காலையிலிருந்து ஒருதரம்கூட முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளவில்லை என்றால் அவர் என்ன பெரியப்பா? புகார் குவிந்தது. வடிவு மூன்று மாதம் மெனக்கெட்டு, பந்தியில் இலையை விட்டு எழுந்து போவது, தாம்பூலப் பையைத் தொப்பென்று நாற்காலியில் வைத்துவிட்டுக் கிளம்புவது, சமாதானம் செய்தால் மூன்றாவது அழைப்பில் திரும்பி வருவது என்று எல்லாம் சேர்த்தாள். அப்புறம்தான் வியாபாரம் சூடு பிடித்தது.

கோடிட்ட இடத்துக்கு அவள் வைத்த அடையாளம் 'உ' என்ற எழுத்து. சோதனைக்கு வந்த அதிகாரி திரை முழுக்க உ, உ என்று இருந்ததைப் பார்த்துவிட்டு, இந்தக் காலத்திலும் வரிக்கு வரி பிள்ளையார் சுழி போடுகிற பெண்ணா என்று நெகிழ்ந்துபோய்க் கையெழுத்துப் போட்டார். வடிவு மறுக்கவில்லை.

அல்போன்ஸுக்கு ஒரு சந்தேகம் மிச்சம் இருந்தது. வருவது நிஜமாகவே அந்த உறவுதானா என்று யார் சரிபார்ப்பது?

"யாரும் பாக்க மாட்டாங்க சார். கூப்பிட்டவங்க வார்த்தையை நம்பி அனுப்புதோம். தப்புன்னா கூப்பிடும்போது தெரியாது. அந்த ஆளை வச்சு வேலை வாங்கும்போதுதான் உடையும்."

சொன்னவளுக்கே அது பிறகு உதவவில்லை என்பதுதான் வருத்தம்.

வடிவுக்கு ஒரே மகள், பொருநை. வயது ஐந்து. மூன்று வயதிலேயே காது குத்தியிருக்க வேண்டும். தம்பி வந்து பேசட்டும், தம்பி வந்து பேசட்டும் என்று இவள் தள்ளிப்போட்டதில் அது நழுவியது. ஆறு ஆனால் இரட்டைப்படை, ஆகாது. பங்குனி உத்திரத்துக்கு நாங்குநேரிப் பக்கம் உள்ள அவர்கள் சாஸ்தா கோயிலில் வைத்துக் குத்துவது என்று நாள் குறித்தார்கள். எல்லாம் தயார், மடியைத் தவிர.

"ஒரு ஃபோன் போட்டா முடிஞ்சுது" என்றான் பிரமநாயகம்.

தம்பி போடட்டும் என்றாள் வடிவு. பிள்ளைக்குப் பேர் வைக்கிற விசேஷத்துக்கு வராதவன் அவன். பேரைத் தன்னிடம் கேட்டு முடிவு செய்யவில்லை என்கிற கோபமாகத்தான் இருக்கும் என்று அவளாகவே ஒரு கணக்குப் போட்டு வைத்திருந்தாள். பதிலுக்கு அவன் புது வீட்டுப் பால்காய்ப்புக்கு இவள் போகவில்லை. ஏன் வரவில்லை என்று அவளும் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை. இப்படியாக ஐந்து வருஷம்.

கடைசியில் அவள் எடுத்த முடிவைக் கேட்டுப் பிரமநாயகத்துக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. தன் மெத்தடையே கூப்பிட்டு, கோடிட்ட இடத்தில் 'தம்பி' என்று நிரப்பினாள். ஒத்திகைக்காக அடுத்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பதினாலாம் நம்பர் இயந்திரம் சுடலைமுத்துவின் முகத்தோடு வீட்டுக்கு வந்தது.

வந்ததும் செருப்பை ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே உதறிவிட்டு, நேரே அடுப்படிக்குப் போய்ச் சட்டி மூடியைத் தூக்கிப் பார்த்தது. வடிவு எழுதிக் கொடுத்த பழக்கம்தான். அப்படியே அவன்தான். சொதியும் இஞ்சித் துவையலும் போட்டாள். மூன்று தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, தேங்காய்ப் பால் திரிந்துவிட்டது என்று குறை சொன்னது. பிரமநாயகம்கூட மறந்துபோய் மச்சான் என்று கூப்பிட்டுவிட்டான்.

பொருநையை அதன் மடியில் உட்கார வைத்தார்கள். பிள்ளை இரண்டு நிமிஷம் அசையாமல் இருந்து பார்த்துவிட்டு இறங்கிவிட்டாள்.

"இது மடி இல்ல, பெஞ்சு" என்றாள்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் நாலாவது வேலை பாக்கி இருந்தது. இயந்திரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்தது. முறைப்படி வடிவு கேட்டாள்: "என்னல கோவம் ஒனக்கு?"

"அன்புள்ளன்னு எழுதி, பேர் வர இடத்துல கோடு போட்டு அனுப்பிச்சியே. அந்தக் கோட்டுக்கு நாந்தானா கெடச்சேன் ஒனக்கு?"

வடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. இப்படி ஒரு கோபத்தை அவள் எழுதவில்லை. இயந்திரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழைய செய்திகளைத் தோண்டினாள். பேர் சூட்டு விழாவுக்கு அவள் யாருக்கும் கையால் அழைப்பு எழுதவில்லை. ஒரே ஒரு அழைப்பை எழுதி, பேர் வருகிற இடத்தைக் கோடாக விட்டு, முந்நூறு பேர் பட்டியலைக் கொடுத்துக் கணினியையே நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தாள். மற்ற எல்லாருக்கும் சரியாகப் போயிருந்தது. எதிர்வீட்டு நாய்க்கு வைத்தியம் பார்க்கிற டாக்டருக்குக்கூடப் பேரோடு போயிருந்தது. ஒருவனுக்கு மட்டும் 'அன்புள்ள ________ அவர்களுக்கு' என்று போயிருந்தது.

காரணம் பட்டியலிலேயே இருந்தது. மற்ற எல்லாருடைய பேரும் எண்ணும் ஃபோனிலிருந்து தானாகப் பட்டியலுக்கு வந்தவை. தம்பியின் எண்ணை அவள் ஃபோனில் சேமித்ததே இல்லை. மனப்பாடம். அதனால் எண்ணை மட்டும் கையால் தட்டிவிட்டுப் பேர்க் கட்டத்தை நிரப்பாமல் போயிருக்கிறாள். அவனுக்கும் பேர் எழுத வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

சரி, இது இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் அலுவலகத்தில் மெத்தடைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தவளுக்குப் பத்து மணிக்கெல்லாம் தன் முட்டாள்தனம் விளங்கிவிட்டது. வாடிக்கையாளர் சொல்கிற மனக்குறையைச் சேர்த்து வைத்து, அடுத்த தடவை எடுத்துக் கோபித்துக்கொள்ள வசதியாக ஒரு பெட்டி வைத்திருந்தாள். கோடிட்ட இடத்தில் மாமா வந்தால் மாமாவுக்கு ஒரு பெட்டி, அத்தை வந்தால் அத்தைக்கு ஒரு பெட்டி என்றுதான் நினைத்திருந்தாள். ஆனால் அவள் வைத்த இடத்தில் எல்லாருக்கும் சேர்த்து ஒரே பெட்டிதான் இருந்தது. யார் வீட்டுக் குறையும் யார் வாயிலும் வரலாம். குறை சொன்னவரின் பேரிலேயே ஒரு இயந்திரம் போனால் கட்டாயம் வரும். கோவில்பட்டியில் ஒரு வாடகைச் சித்தப்பா, ஒரு வயதுக் குழந்தையைப் பார்த்து என் கல்யாணத்துக்கு நீ வரவில்லையே என்று விம்மிய மர்மமும் இப்போது துலங்கியது.

அல்போன்ஸிடம் போய்ச் சொன்னாள். ஊர்க் குடும்பங்களின் சண்டையெல்லாம் ஒரே பெட்டியில் கிடந்து குலுங்குகிறது என்று வெளியே தெரிந்தால் கம்பெனியை மூட வேண்டியதுதான். சாயங்காலத்துக்குள் சரி செய்யச் சொன்னார். வடிவு சரி செய்தாள். ஆனால் செய்வதற்கு முன்னால் ஒரு காரியம் செய்தாள். அது தப்பு என்று தெரிந்தே செய்தாள். வாடிக்கையாளர் பதிவைத் திறந்து அம்பாசமுத்திரம் என்று தேடினாள்.

மூன்று வருஷமாக, பதினைந்து நாளைக்கு ஒரு ஞாயிறு, பகல் பன்னிரண்டு மணிக்கு. அனுப்பியது பதினாலாம் நம்பர். கோடிட்ட இடத்தில் நிரப்பியிருந்தது: அக்கா.

அவள் அந்த வரியை இன்னொரு தரம் படித்தாள். தன் முகத்தைப் போட்டுக்கொண்டு ஒரு இயந்திரம் மூன்று வருஷமாகத் தம்பி வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறது. அதை எழுதி அனுப்பியவளே அவள்தான். வெட்கமாக இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. பதினாலாம் நம்பர் மேல் வந்த பொறாமைதான் அதிகம்.

அடுத்த அழைப்பு வருகிற ஞாயிற்றுக்கிழமை. பதினாலாம் நம்பருக்குப் பதிலாக நானே போகிறேன் என்று அல்போன்ஸிடம் சொன்னாள். அவர் விதிமுறைப் புத்தகத்தைத் தேடினார்.

"அவன் அக்கா வேணும்னு கேட்டிருக்கான். நாம அக்காவை அனுப்புதோம். இதுல எந்த விதி சார் மீறுது?"

அல்போன்ஸ் யோசித்துப் பார்த்துவிட்டு வண்டிச் சாவியைக் கொடுத்தார்.

நேரே போய், ஏல சுடலை, நான்தான் வந்திருக்கேன் என்று சொன்னால் கதை அங்கேயே முடிந்துவிடும். நம் வடிவு அப்படிச் சொல்வாளா? முதலில் போனவள் தோற்றவள் ஆயிற்றே. ஆகவே கம்பெனி வண்டியில், கம்பெனி அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தன்னைப் போல நடிக்கிற இயந்திரத்தைப் போல நடித்துக்கொண்டு அம்பாசமுத்திரத்தில் போய் இறங்கினாள்.

சுடலைமுத்து கதவைத் திறந்தான். அவன் மனைவிக்கு ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் பகல் வேலை, வீட்டில் அவன் மட்டும்தான். லேசாகத் தொப்பை விழுந்திருந்தது. வாங்க என்று சொல்லி உள்ளே விட்டுவிட்டு, கதவைச் சாத்த அவள் பின்னால் போனான். அந்தக் கதவைச் சாத்த ஏனோ கொஞ்சம் நேரம் பிடித்தது.

"இந்தத் தடவை நரையெல்லாம் வச்சு அனுப்பிருக்காங்க. வேலை நல்லா பண்ணுதாங்க" என்றான் திரும்பி வந்து.

வடிவு பல்லைக் கடித்துக்கொண்டாள். உளுந்தஞ்சோறும் எள்ளுத் துவையலும் அவனே செய்து வைத்திருந்தான். போட்டான், பக்கத்தில் உட்கார்ந்தான். பிறகு வழக்கம்போல என்று சொல்லிக்கொண்டு அக்காவைப் பற்றிய புகாரை ஆரம்பித்தான். சின்ன வயதில் பம்பரத்தை எறிந்து காதைக் கிழித்தவள். பால்காய்ப்புக்கு வராதவள். வாசலில் அவளுக்காகத் தனியாக நாற்காலி போட்டு வைத்திருந்தானாம், சாயங்காலம்வரை யாரையும் அதில் உட்கார விடவில்லையாம்.

"ஊர்ல உள்ள அம்புட்டு பேருக்கும் பேர் போட்டு அனுப்பிச்சா. எனக்கு மட்டும் கோடு. கூடப் பொறந்தவன் பேர் மறந்துபோச்சு அவளுக்கு."

இயந்திரமாக இருந்திருந்தால் இந்த இடத்தில் தலையாட்டியிருக்கும். வடிவுக்குப் பொறுக்கவில்லை.

"ஒன் நம்பரை நான் எங்கயும் எழுதி வச்சதே இல்லல. மனப்பாடம். ஃபோன்ல பேர் இல்லாத ஒரே ஆளு நீதான். அதான் கோடு விழுந்துச்சு."

சொல்லிவிட்டு அழுதாள். பிசைந்த சோறு அப்படியே இருந்தது. சுடலைமுத்து, கம்பெனியில் நன்றாக எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துவிட்டு, தண்ணீர் எடுத்து வருவதாக அடுப்படிக்குள் போனான். செம்பு இலைக்குப் பக்கத்திலேயே நிறையத் தண்ணீரோடு இருந்தது. திரும்பி வந்தபோது அவன் முகம் கழுவியிருந்தான்.

கிளம்பும்போது வடிவு வண்டியிலிருந்து ஒரு தட்டை எடுத்து வந்தாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், குங்குமம், அதன் மேல் ஒரு பத்திரிகை. பேர் வருகிற இடத்தில் மையால், கோணல்மாணலாக, 'தம்பி சுடலைமுத்துவுக்கு' என்று எழுதியிருந்தது. உங்க அக்கா கொடுத்துவிட்டார்கள் என்று சொல்லி நீட்டினாள். அவன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

திங்கட்கிழமை கம்பெனிக்கு அவனிடமிருந்து கருத்துப் படிவம் வந்தது. அல்போன்ஸ் அதை அச்செடுத்து வடிவின் மேஜையில் வைத்தார். 'ஞாயிற்றுக்கிழமை வந்த அக்கா அழுதுகொண்டே இருந்தாள். சோற்றில் பாதியை மிச்சம் வைத்தாள். பழுது இருந்தால் பார்க்கவும். வேறு ஆளை மாற்றி அனுப்ப வேண்டாம்.' அவனுக்குத் தெரிந்துவிட்டதா இல்லையா? வடிவு அந்தப் படிவத்தை நாலு தடவை படித்தாள், ஒன்றும் பிடிபடவில்லை. ஃபோன் செய்து கேட்கலாம்தான். கேட்டால் தோற்றதாக ஆகுமே.

பங்குனி உத்திரத்தன்று சாஸ்தா கோயிலில் கூட்டம் நெருக்கித் தள்ளியது. புளியமரத்தடியில் பாய் விரித்து, ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருந்தார். பத்தரைவரைதான் நல்ல நேரம் என்று இரண்டு தடவை நினைவூட்டிவிட்டார். எதற்கும் இருக்கட்டும் என்று அல்போன்ஸ் பதினாலாம் நம்பரை வண்டியில் வைத்துக் கொண்டுவந்து, தோப்பு ஓரத்தில் நிறுத்தியிருந்தார். பிரமநாயகம் அந்தப் பக்கமே திரும்பவில்லை. பொருநை தலையில் சந்தனத்தோடு, பெஞ்சு மேல உக்கார மாட்டேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டாள். வடிவு பாதையைப் பார்ப்பதும் வேறெங்கோ பார்ப்பது போல நடிப்பதுமாக இருந்தாள். பத்தே கால் ஆனது. வராவிட்டால் பிள்ளை காதுக்கு மட்டுமா குறை?

அப்போது சுடலைமுத்து வந்தான். பட்டுக்கரை வேட்டி, தோளில் துண்டு, கையில் ஒரு சின்ன நகைப்பெட்டி. ஆனால் வந்தது தோப்புப் பக்கத்திலிருந்து, அல்போன்ஸின் வண்டி நின்ற திசையிலிருந்து. அல்போன்ஸ் நேரமாகிறதென்று இயந்திரத்தை இறக்கிவிட்டாரோ? வந்தவன் செருப்பை ஒன்று கிழக்கே ஒன்று மேற்கே உதறினான். பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டான். பதினாலாம் நம்பரும் செருப்பை இப்படித்தான் உதறும். அதற்குச் சொல்லிக் கொடுத்தவளே அவள்தானே.

துண்டைச் சரி செய்கிற சாக்கில் அவள் அவன் பின்னால் குனிந்தாள். இடது காதுக்குப் பின்னால் எண் ஒன்றும் இல்லை. பம்பரம் கிழித்த தழும்பு இருந்தது.

"பாத்தாச்சா?" என்றான் அவன் திரும்பாமலே. "நானும் அன்னைக்குக் கதவைச் சாத்தும்போதே பாத்துட்டேன்."

"பின்ன ஏம்ல அப்பவே சொல்லல?"

"மெசினுகிட்ட தோக்கலாம் யக்கா. ஒங்கிட்டத் தோக்க முடியுமா?"

பெட்டியைத் திறந்து கம்மலை ஆசாரியிடம் நீட்டினான். பேர் சூட்டு விழாவுக்கென்று வாங்கியது. பெட்டியில் எழுதியிருந்த கடை மூடி மூன்று வருஷம் ஆகிறது. ஆசாரி ஊசியைக் குத்தினார். பொருநை வீல் என்று கத்தி, மாமன் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மடியை விட்டு இறங்கவில்லை.